புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய அரசு மருத்துவத் துறை முதலில் செய்ய வேண்டியது எது?

வைகைக்கரை: 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவு நோயாளிகளுக்கு வீட்டிலேயே மாத்திரை தருவதைப் போல, புற்றுநோய்ப் பரிசோதனைக்கான அழைப்பும் வீடுதோறும் செல்ல வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குக் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையை ஒரே ஒரு முறை செய்ததிலேயே, கருப்பைவாய்ப் புற்றுநோயால் நேர்ந்த இறப்புகள் 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. நம் மண்ணிலேயே சான்று இருக்கும்போது தயக்கம் எதற்கு?

பொருநை: அந்த ஆய்வு ஏன் வென்றது என்பதையும் பார்க்க வேண்டும், நண்பரே. அமிலம் பட்ட இடத்தில் ஐயத்துக்குரிய வெண்திட்டு தென்பட்ட பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்களே கால்போஸ்கோப்பி (கருப்பைவாயைக் கருவி கொண்டு பெரிதாக்கிப் பார்ப்பது) செய்து, திசு எடுத்து, தகுதியானவர்களுக்கு அதே வருகையில் உறைநிலைச் சிகிச்சையும் (பாதித்த திசுவை உறையவைத்து அழிப்பது) அளித்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனை, மாவட்ட மருத்துவமனையில் பயாப்ஸி எனும் திசுப் பரிசோதனை, முடிவு வாங்க ஒரு பயணம், சிகிச்சைக்கு இன்னொரு பயணம் என்று அலையவிட்டால், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழக்கும் பெண் ஏதோ ஒரு கட்டத்தில் நின்றுவிடுவார். மார்பில் கட்டியோடும், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கோடும் தாமாகவே வருபவர்களுக்கு விரைவாக முடிவு சொல்வதே முதல் கடமை. திசுவை ஆராய்ந்து நோயை உறுதிசெய்யும் நோயியல் மருத்துவர்களுக்கும் ஆய்வகங்களுக்கும்தான் நிதி முதலில் போக வேண்டும்.

வைகைக்கரை: மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை உங்கள் வாதத்தில் வலு உண்டு. மும்பையில் கைகளால் மார்பகத்தைப் பரிசோதித்த நீண்டகால ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தபோது, 50 வயதைக் கடந்தோரிடம் மட்டுமே இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. ஆனால், கருப்பைவாய்ப் புற்றுநோயின் முன்நிலை எந்த அறிகுறியும் காட்டாமல் பல ஆண்டுகள் நீடிக்கிறது. அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தால், சிறிய சிகிச்சையால் தடுத்திருக்கக்கூடிய நோயைக் கதிர்வீச்சு வரை கொண்டுபோய் விடுவோம். இதை நான் ஏற்கவே மாட்டேன்.

கொங்குவாசி: சோதனையையே மாற்றலாமே! மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் நடந்த ஆய்வில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸைக் கண்டறியும் சோதனை ஒரே ஒரு முறை செய்ததே இறப்பைப் பாதியாகக் குறைத்தது. அசிட்டிக் அமிலச் சோதனை அங்கே குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. எச்பிவி சோதனைக்கான மாதிரியைப் பெண்களே எடுத்துத் தரலாம் என்பதால், கூச்சத்தால் வராதவர்களையும் அது எட்டும்.

பொருநை: நல்ல யோசனைதான். ஆனாலும், தொற்று உறுதியானவரை மறுபடி அழைத்துச் சிகிச்சை தர ஆள் வேண்டுமே! பரிசோதிக்கப்பட்டோரின் எண்ணிக்கையை அறிவிக்கும்போதே, அவர்களில் எத்தனை பேருக்கு எத்தனை நாளில் பயாப்ஸி முடிவு கிடைத்தது, எத்தனை பேர் சிகிச்சையைத் தொடங்கினர் என்பதையும் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும் என்று கேட்கிறேன்.

வைகைக்கரை: அந்தக் கோரிக்கையில் நானும் சேர்கிறேன், ஆனால் அந்தக் கணக்கு சீராகும்வரை வீடு தேடிச் செல்வதை நிறுத்தி வைக்கக் கூடாது.