குராசோ தீவின் உள்ளூர் மது எது: ஹாட்டோ தோட்டத்து ஒயினா, லராஹா என்னும் கசப்பு ஆரஞ்சுத் தோலின் லிக்கரா?

கடற்பயணி:
கரீபியக் கடலில் வெனிசுவேலாவின் கரைக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வடக்கே, நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்டுத் தன்னாட்சியோடு இருக்கும் குராசோவுக்குக் கடந்த பிப்ரவரியில் நான்கு நாள் போய் வந்தேன். அங்கே போகும் நம்மவர்கள் எல்லாரும் தீவின் பெயரையே கொண்ட நீல நிற லிக்கர் என்னும் இனிப்பு மதுப் புட்டியை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹாட்டோ என்னும் பழைய தோட்ட மாளிகையை ஒட்டி ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது என்பதும், அந்தப் பழத்திலிருந்தே ஒயின் செய்து, பார்க்க வருவோர்க்குச் சுவைக்கத் தருகிறார்கள் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. கள்ளிச்செடியும் முள்மரமும் தவிர வேறெதுவும் எளிதில் வளராத மண்ணில் விளைந்த பழத்தின் சாறு அது. மாலை நேரத்தில், ஓயாமல் வீசும் கீழைக்காற்றில் கொடிகளின் இலைகள் வெளுத்த அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்க, கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனபோது பழுத்த மாம்பழத்தை நினைவூட்டும் ஒரு மணம் வந்தது. தீவின் உள்ளூர் மது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். லிக்கர் இரண்டாவதுதான்.

நாரத்தைமரம்:
நண்பர் கடற்பயணி அவர்களின் மகிழ்ச்சியை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. ஒரு பொருள் உள்ளூர்ப் பொருள் ஆவதற்கு அது அந்த மண்ணில் நடப்பட்டிருந்தால் மட்டும் போதாது, அந்த மண் அதை மாற்றியிருக்கவும் வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் தங்கள் நாட்டு ஆரஞ்சைக் குராசோவில் நட்டார்கள். மழை போதாமல், வறண்ட மண்ணில் பழம் சுருங்கி, வாயில் வைக்க முடியாத கசப்பாயிற்று. நட்டவர்கள் கைவிட்ட அந்த மரம்தான் லராஹா. ஆடுகூடத் தின்னாத பழம் என்று அதைச் சொல்வார்கள். ஆனால் தோலை வெயிலில் காயவைத்தால் அதில் ஓர் எண்ணெய் மணம் எழும் என்பதைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். நம் வீட்டில் நாரத்தங்காயை உப்பிட்டுக் காயவைக்கும் மாடியில் நின்றிருப்பவர்களுக்கு அந்த மணம் எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை.

1896இல் தொடங்கிய சீனியர் நிறுவனம், 1947 முதல் வில்லெம்ஸ்டாடிலுள்ள சோபோலோபோ மாளிகையில் இந்தக் காய்ந்த தோலைச் சாக்குப் பையில் கட்டி, பழைய செம்பு வடிகலனுக்குள் தொங்கவிட்டு வடிக்கிறது. அங்கேயும் சுற்றிக் காட்டிச் சுவைக்கத் தருகிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: வடித்து வரும் லிக்கர் நிறமற்றது, நீலம் பின்னால் சேர்க்கும் சாயம் மட்டுமே. நிறமற்ற புட்டியைக் கேட்டு வாங்கிச் சுவைத்தவர்களுக்குத்தான் தோலின் கசப்பு தெளிவாகத் தெரியும். இதைப் போன்ற ஒன்று ஹாட்டோவில் இல்லை. திராட்சை உலகமெங்கும் இருக்கிறது.

கம்பம் பந்தல்:
ஐயா இருவருக்கும் வணக்கம். நான் குராசோ போனதில்லை. ஆனால் மூன்று தலைமுறையாகக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பயிரிடும் குடும்பம் எங்களுடையது. எங்கள் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குராசோ ஏறக்குறைய புதுச்சேரி இருக்கும் அட்சரேகையில்தான் இருக்கிறது என்பதால், அங்கே கொடி வளர்ப்பவர் படும் பாடு எனக்கு ஓரளவு புரிகிறது.

ஐரோப்பாவில் குளிர்காலம் வந்து கொடியைத் தூங்க வைக்கிறது, வசந்தம் வந்து எழுப்புகிறது. நமக்கும் குராசோவுக்கும் அந்த உதவி கிடையாது. கொடி ஆண்டு முழுவதும் இலைவிட்டுக்கொண்டே இருக்கும், விட்டால் காய்க்காமல் படர்ந்துகொண்டே போகும். தண்ணீரைக் குறைத்து, கத்தரியை எடுத்துக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, நாம்தான் அதற்குப் பருவத்தை உண்டாக்க வேண்டும். அதனால்தான் நாங்கள் ஆண்டுக்கு இரண்டு, சில இடங்களில் மூன்று அறுவடைகூட எடுக்கிறோம். ஐப்பசி மழையில் அடிச்சாம்பல் நோய் வந்தால் போர்டோ கலவையோடு ஓட வேண்டும். ஒயினுக்குப் பேர்போன பிரெஞ்சு ஊரின் பெயரைத்தான் எங்கள் ஊரில் தெளிப்பு மருந்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! ஆண்டுக்கு 550 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும், காற்று ஓயாத தீவில் அந்த நோய்த் தொல்லை குறைவாகவே இருக்கும். அதற்குப் பதிலாகத் தண்ணீர்க் கவலையும் காற்றில் வரும் உப்பும் இருக்கும்.

கடற்பயணி ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். இரவிலும் சூடு தணியாத இடத்தில் பழத்தின் புளிப்பு சீக்கிரம் போய்விடும், இனிப்பு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். நீங்கள் குடித்த ஒயினில் நாவின் ஓரம் கூசியதா?

கடற்பயணி:
நேர்மையாகச் சொல்கிறேன்: முதல் வாயில் கூசியது. கிண்ணம் காற்றில் பத்து நிமிடம் நின்று சூடேறியபின் கூச்சம் போய் இனிப்புத்தான் நின்றது. நீங்கள் கேட்ட பிறகுதான் அதன் காரணம் எனக்குப் புரிகிறது. குளிர்ச்சியாகவே குடித்து முடிக்க வேண்டிய ஒயின் அது. ஆனாலும் நண்பர் நாரத்தைமரத்துக்கு ஒரு கேள்வி. லராஹாத் தோல் தீவினுடையது, சரி. அந்தத் தோலின் மணத்தை இறக்கும் மதுசாரம் எங்கிருந்து வருகிறது? மழை குறைந்த குராசோவில் பார்படோசைப் போலவோ மார்த்தினிக்கைப் போலவோ கரும்பு செழித்ததே இல்லை. ஹாட்டோவில் கிண்ணத்திலுள்ள சாறே அந்த மண்ணில் ஊறியது.

நாரத்தைமரம்:
கேள்வி நியாயமானதே. மதுசாரத்தைப் பற்றிய இடத்தில் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் மார்த்தினிக்கை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன்: அங்கே கரும்புச்சாற்றிலிருந்து வடிக்கும் ரம்முக்கு, எந்த நிலத்துக் கரும்பு, எப்படி வடிப்பது என்று விதித்து, பிரான்சு அரசு 1996இல் ஒயினுக்கு வழங்குவது போன்ற தோற்றப்பெயர் உரிமையை வழங்கியது. குராசோ என்ற பெயருக்கு அந்தக் காவல் இல்லை. அதனால் லராஹாவைக் கண்ணால் பார்க்காத ஊர்களில்கூட நீலத் தண்ணீர்ப் புட்டிகளில் அந்தத் தீவின் பெயரை அச்சிடுகிறார்கள். சோபோலோபோவுக்குப் போய்ச் சுவைக்கச் சொல்வது அந்த வருத்தத்தினால்தான். பெயருக்கு உரியதை ஒருமுறையாவது நாவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உப்பளம்:
இருவரும் மாளிகை, மாளிகை என்று எழுதுகிறீர்கள். குராசோ டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் அடிமைச் சந்தையாக இருந்த தீவு. ஹாட்டோவும் அந்தக் கம்பெனியின் தோட்டமாக இருந்ததே. 1795 ஆகஸ்ட் 17 அன்று தூலா என்பவரின் தலைமையில் அடிமைகள் வேலைக்குப் போக மறுத்துக் கிளம்பிய எழுச்சி, க்னிப் என்னும் இன்னொரு தோட்டத்தில் தொடங்கியது. ஒயினோ லிக்கரோ, அந்தத் திண்ணையில் நின்று கிண்ணத்தைக் கையில் எடுப்பவர்கள் இதை அறிந்து எடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கடற்பயணி:
உண்மை. என் முதல் பதிவில் அதை எழுதாதது குறைதான். அடுத்த முறை க்னிப் மாளிகைக்கும் போய்விட்டே ஹாட்டோவுக்குப் போவேன். கம்பத்து ஐயா, எந்த மாதத்தில் போனால் கொடியில் பழத்தோடு தோட்டத்தைப் பார்க்கலாம்? நான் போனபோது வெறும் இலைதான் இருந்தது.

கம்பம் பந்தல்:
நமக்குப் பருவம் கத்தரியில் இருப்பதால் மாதத்தைச் சொல்ல முடியாது ஐயா. கிளம்புமுன் அவர்களிடம் கடைசியாகக் கவாத்து செய்த நாளைக் கேளுங்கள். எங்கள் பன்னீர்க் கொடி கவாத்திலிருந்து நான்கு மாதத்தில் அறுவடைக்கு வரும். அவர்களுடைய ரகங்களுக்குச் சில நாட்கள் முன்பின் ஆகலாம். அந்தக் கணக்கில் பதினைந்து நாள் முன்னதாகப் போனால், பழம் நிறம் ஏறி நிற்கும். கேட்டுவிட்டு ஒன்றைப் பறித்து வாயில் போட்டுப் பார்த்து, பிறகு ஒயினைக் குடியுங்கள். புளிப்பு எங்கே போனது என்று அப்போது எனக்கும் எழுதுங்கள்.