அம்மாவுக்கு ஸ்டோமா பை: என்ன சமைத்துக் கொடுக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றில் போட்ட துளை (ஸ்டோமா) வழியாக வெளியே எடுத்து, மலம் சேரப் பை பொருத்தியிருக்கிறார்கள். ஐந்து வாரத்தில் ஏழு கிலோ இளைத்துவிட்டார்.

பை நிறைந்துவிடும் என்ற பயத்தில் சாப்பிடவே மறுக்கிறார். நேற்று இரண்டு வாய் தயிர்சாதம் உள்ளே போனதும் இடது கை சேலைக்கு மேலாகப் பையைத் தடவிப் பார்த்தது. உடனே தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். எனக்கு மனம் தாங்கவில்லை.

நானும் ஒரு தவறு செய்தேன். பை வழியாக நீர் நிறையப் போகிறதே என்று வெறும் தண்ணீரையே கொடுத்துக்கொண்டிருந்தேன். பை இன்னும் வேகமாக நிறைந்தது. கெண்டைக்கால் வேறு இழுத்துப் பிடித்தது. தண்ணீரோடு உப்பும் வெளியேறிவிடுகிறது என்று செவிலியர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. இப்போது ஒரு லிட்டர் நீரில் ஒரு பெரிய பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கலந்து, நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கொடுக்கிறேன்.

குழைந்த சாதம், இட்லி, வாழைப்பழம் ஒத்துக்கொள்கின்றன. வாழைத்தண்டு, முருங்கைக்காய், தேங்காய்த் துருவல், சோளம் எல்லாம் அடைத்துக்கொள்ளும் என்பதால் இப்போதைக்குத் தருவதில்லை.

இந்தப் பையோடு வாழ்கிறவர்களும் கூட இருந்து கவனிக்கிறவர்களும் சொல்லுங்கள். உடம்பு தேற முட்டை, மீன், பருப்பு இவற்றை எப்படிச் சமைத்துக் கொடுத்தீர்கள்? பருப்பால் வாயு சேர்ந்து பை உப்பியதா? இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? முக்கியமாக, அந்தப் பயம் எப்படிப் போயிற்று? வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். நீங்கள் சொல்வதை எழுதிக்கொண்டுபோய் அவரிடமும் கேட்டுவிட்டே செய்வேன்.