புதுப்பிப்பு: பீடோங் பானை ஓடு எங்கே பிறந்தது?

தோட்டத்துக் கால்வாய்க் கரையில் தாத்தா கண்டெடுத்த பானை ஓடு தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்ததா என்று முன்பு கேட்டிருந்தேன். மலேசியாவின் கெடா மாநிலத்தில், பழங்காலத்தில் இந்திய வணிகர்கள் வந்துபோன பூஜாங் பள்ளத்தாக்கின் அருகிலேயே வாழும் எங்களுக்கு அந்த ஆசை இயல்புதானே!

நிலவியல் படிக்கும் அக்காள் மகள் ஓட்டின் ஒரு சிறு துண்டை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தாள். அந்த மெல்லிய சீவலில் ஒளி ஊடுருவும். நுண்ணோக்கியில் கருங்கல்லில் இருக்கும் கனிமங்களான குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா தெரிந்தன. குவார்ட்ஸ் மணிகளின் முனைகள் மழுங்கவில்லை. ஆற்றில் நெடுந்தூரம் உருண்ட மணல் அன்று. கருங்கல் நிலம் தமிழகத்திலும் உண்டு, ஆகவே கனிமத்தின் பெயர் மட்டும் போதாது. எங்கள் ஓடைக் களிமண்ணைச் சுட்டு, அதையும் சீவி ஒப்பிட்டாள். மணிகளின் அளவும் கலவையும் ஒத்திருந்தன.

பாலித் தீவின் செம்பிரானில் கிடைத்த சில ஓடுகளின் கனிமங்களோ புதுச்சேரிக்கு அருகிலுள்ள பழந்துறைமுகமான அரிக்கமேட்டின் ஓடுகளோடு பொருந்தின. அவை கடல் கடந்தவை. எங்களுடையது பெரும்பாலும் இங்குள்ள ஜெராய் மலையின் அடிவாரக் குயவர் ஒருவர் வனைந்தது. எனக்கு இதில் ஏமாற்றமே இல்லை. அவர் மிதித்த மண்ணில்தான் நானும் நடக்கிறேன்.

மிச்ச ஓட்டை மெர்போக் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கத் தாத்தா சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை போகிறோம்.