பல் எடுக்கும்போது எப்படி நிற்கிறீர்கள்? – அனுபவப் பகிர்வு

வாய் அறுவைப் பயிற்றுநர்:

பல் எடுக்கும் பிரிவில் மாணவர்களுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பது என் வேலை. புதிதாக வருகிறவர்களிடம் நோயாளியைப் பற்றி எதைக் கேட்டாலும் டக்கென்று சொல்வார்கள். ரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த நரம்புக்கு ஊசி போட வேண்டும், எல்லாம் தெரியும். "சரி, நீ எங்கே நிற்கப்போகிறாய்?" என்று கேட்டால்தான் பதில் வராது. முந்தைய நோயாளிக்குச் சேர் எந்த உயரத்தில் இருந்ததோ, அதே உயரத்தில்தான் இப்போதும் இருக்கும்.

சமீபத்தில் ஒரு மாணவி கீழ்த்தாடையின் வலப்பக்க முதல் கடைவாய்ப் பல்லை, அதாவது பல் எண் 46ஐ, எடுத்துக்கொண்டிருந்தாள். மரப்பு நன்றாகப் பிடித்திருந்தது. ஈறை விலக்கியதும் சரி, எடுத்த ஃபோர்செப்ஸும் (பல்லைக் கவ்விப் பிடிக்கும் குறடு) சரி. ஆனால் நோயாளிக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தாள். பல்லைப் பார்க்கக் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. வலது முழங்கை தோள் உயரத்துக்கு ஏறி, மணிக்கட்டு உள்ளே மடங்கியிருந்தது. குதிகால்கள் தரையில் இல்லை. பல் அசையவில்லை, அவள் விரல்கள்தான் நடுங்கின. நோயாளி கண்ணை இறுக மூடியிருந்தார். வலி இல்லை, தலை அந்த ஆட்டம் ஆடினால் யாருக்குத்தான் பயம் வராது?

"ஃபோர்செப்ஸைத் தட்டில் வைம்மா" என்றேன். சேரை நன்றாகக் கீழே இறக்கினோம். வாயை அகலமாகத் திறந்தால் கீழ்ப்பல் வரிசை தரைக்கு இணையாக வரும் வரை முதுகுப் பலகையை நிமிர்த்தினோம். நோயாளியின் தலையுச்சியை 12 மணி என்று வைத்துக்கொண்டால், அவருக்குப் பின்னால் வலப்பக்கம் 11 மணி வரும். அங்கே போய் நிற்கச் சொன்னேன். பாதங்கள் விரிந்தன, முழங்கை விலாவை ஒட்டி வந்தது. இடது கையைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பல்லின் இரு பக்கத்து எலும்பைப் பிடிக்க, மற்ற விரல்கள் தாடையை அடியிலிருந்து தாங்கின. அப்புறம் அதே ஃபோர்செப்ஸ், அதே கை. கன்னத்துப் பக்கம் மெதுவாக அழுத்தி அப்படியே நிறுத்தினாள். பல் இளகத் தொடங்கியது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. மணிக்கட்டு மடங்கினால் விரல்களின் பிடிபலம் குறைந்துவிடும். முழங்கை மேலே தூக்கியிருந்தால், கையைத் தூக்கிப் பிடிப்பதிலேயே தோள் தசைகளின் உழைப்பு போய்விடும், பல்லுக்கு மிச்சம் கொஞ்சம்தான். முழங்கை உடம்போடு ஒட்டி மணிக்கட்டு நேராக இருந்தால், தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வருகிற விசை தடையில்லாமல் இறங்கும். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றினாலே போதும், ஃபோர்செப்ஸ் நகரும்.

இன்னொன்று, பல்லை இழுத்து எடுப்பதில்லை. முதலில் வேரின் நுனியை நோக்கி அழுத்த வேண்டும், அப்புறம்தான் பக்கவாட்டில் அசைக்க வேண்டும். ஊன்றிய முளையை ஆட்டி ஆட்டித் தளர்த்துவது போல, பல்லைச் சுற்றியுள்ள எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விரியவைக்கிறோம். அந்த ஆரம்ப அழுத்தத்துக்கு உடல் எடைதான் உதவும். குனிந்து எட்டிப் பிடிக்கிறவரால் அதைக் கொடுக்க முடியாது. அதனால்தான் கடைசியில் வெடுக்கென்று இழுக்கிறார்கள், வேர் முறிகிறது.

மேல்பல்லுக்குக் கணக்கு வேறு. மேல்பல் வரிசை தரையோடு ஏறத்தாழ 60 டிகிரி கோணத்தில் இருக்கும்படி சேரைச் சாய்க்க வேண்டும். நோயாளியின் வாய் நம் முழங்கை உயரத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கட்டும். கீழ்ப்பல்லுக்குச் சேர் இன்னும் கீழே போகும், நம் முழங்கை சுமார் 120 டிகிரிக்கு விரியும். ஒரே நோயாளிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எடுக்க வேண்டியிருந்தால், நடுவில் சேரை மாற்றியே ஆக வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

பல் அடைக்கும்போது எல்லோரும் ஒழுங்காகத்தான் உட்காருகிறார்கள். 1958இல் முழுதாகச் சாயும் பல் நாற்காலி வந்த பிறகு, உட்கார்ந்து வேலை செய்வது வழக்கமாகிவிட்டது. எப்படி உட்கார வேண்டும் என்று முதலிலேயே சொல்லியும் கொடுக்கிறோம். பல் எடுப்பதை இன்றும் பெரும்பாலோர் நின்றுதான் செய்கிறோம். ஆனால் எப்படி நிற்பது என்று தனியாக யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. உங்களுக்கு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

இறுதியாண்டு மாணவி:

நான் குள்ளம். இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் சேரை அடிமட்டத்துக்கு இறக்கினாலும் உயரமான நோயாளியின் கீழ்ப்பல் என் முழங்கைக்கு மேலேதான் இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்த நோயாளி என்றால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் பிரிவின் ஒரு மூலையில் மரப்பலகை மேடை ஒன்று கிடந்தது. ஒரு சாண் உயரம் இருக்கும். அதில் ஏறி நிற்பதைச் சிலர் கேலி செய்வார்கள் என்பதால் யாரும் எடுப்பதில்லை. ஒருநாள் பொறுப்பு மருத்துவரே அதைத் தூக்கிக்கொண்டுவந்து சேருக்குப் பக்கத்தில் போட்டார். "இதுவும் ஒரு கருவிதான், எலிவேட்டர் எடுக்க வெட்கப்படுவாயா?" என்றார். எலிவேட்டர் என்பது பல்லை நெம்பித் தளர்த்தும் கருவி. அன்றிலிருந்து என் தட்டைத் தயார் செய்யும்போதே மேடையையும் இழுத்துப் போட்டுவிடுவேன்.

மேடை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு பாதமும் முழுதாக அதில் பதியும் அளவுக்கு அகலம் வேண்டும். ஒரு கால் மேலே, ஒரு கால் தரையில் என்று நின்றால் இடுப்பு கோணி, மாலையில் அடிமுதுகு பிடித்துக்கொள்ளும். அடியில் ரப்பர் இல்லாவிட்டால் எடையை மாற்றும்போது மேடை நழுவும்.

அடுத்து கிளவுஸ். என் கைக்கு 6 சரியாக இருக்கும். 7½தான் இருக்கிறது என்று அதை மாட்டினால் விரல் நுனியில் ரப்பர் மடிந்து நிற்கும், பிடி வழுக்கும். வழுக்குவதால் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். எனக்குக் கட்டைவிரல் அடிச்சதையில் வலி வந்தது அப்படித்தான். ரொம்ப இறுக்கமான கிளவுஸும் அதே வலியைக் கொண்டுவரும் என்று பெரிய கைக்காரத் தோழி சொல்கிறாள். அளவு கேட்டு வாங்குங்கள், தயங்கவே வேண்டாம்.

கை பெரிதாக, முரட்டுப் பலத்தோடு இருந்தால்தான் பல் வரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எலிவேட்டரை நிதானமாகப் பயன்படுத்திப் பல்லை முதலிலேயே நன்றாகத் தளர்த்திவிட்டால், ஃபோர்செப்ஸுக்கு மிஞ்சுவது கொஞ்ச வேலைதான். ஃபோர்செப்ஸை, பல்லைக் கவ்வும் அலகுக்குப் பக்கத்தில் பிடிக்காமல் கைப்பிடியின் கடைசியில் பிடித்தால் நெம்புகோல் நீளம் கூடும். சின்னக் கைக்கு இது பெரிய உதவி.

இடக்கை மாணவர்:

மேலே சொன்ன 11 மணிக் கணக்கு எனக்குத் தலைகீழ். வலக்கைக்காரர்கள் கீழ் வலப்பக்கக் கடைவாய்க்கு மட்டும் பின்னால் போவார்கள், மற்றதெல்லாம் நோயாளியின் வலப்பக்கம் முன்னால் நின்று எடுப்பார்கள். நான் நோயாளியின் இடப்பக்கம் முன்னால், 4 மணியருகே நிற்பேன். கீழ் இடப்பக்கக் கடைவாய்க்கு மட்டும் 1 மணிக்குப் போவேன்.

சொல்வது எளிது, ஆனால் அந்த இடத்தில் எச்சில் தொட்டி இருக்கிறது, உறிஞ்சு குழாய் இருக்கிறது, உதவியாளர் நிற்கிறார். கருவித் தட்டின் கையும் வலப்பக்கத்தில்தான். முதலில் எனக்குச் சொல்லப்பட்ட தீர்வு, "வலக்கையிலேயே பழகிக்கொள்." முயன்றேன். ஃபோர்செப்ஸைப் பிடிக்க முடிந்தது, ஆனால் வேர் எந்தப் பக்கம் இளகுகிறது என்பது கைக்குத் தெரியவில்லை. பல் எடுப்பதில் பாதி அந்த உணர்வுதானே? அதைப் போகவிட்டு யாருக்கு என்ன லாபம்? சக்கரம் வைத்த தனித் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். உதவியாளரை வலப்பக்கத்துக்கு வரச் சொன்னேன். நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே இதையெல்லாம் மாற்றிவைத்துவிடுவேன். அவர் உட்கார்ந்த பிறகு தட்டை அங்கும் இங்கும் நகர்த்தினால் அவருக்குப் பதற்றம்.

ஜூனியர் இடக்கைக்காரர்களுக்கு ஒரு தகவல். மேல் கடைவாய் ஃபோர்செப்ஸில் வலது, இடது என்று இருப்பது நோயாளியின் பக்கத்தைக் குறிக்கிறது, நம் கையை அல்ல. கன்னத்துப் பக்க இரண்டு வேர்களுக்கு நடுவில் பொருந்துவதற்காக ஓர் அலகில் கூர் இருக்கும், அதனால்தான் அது பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. இடக்கைக்கென்று தனி ஃபோர்செப்ஸ் தேட வேண்டாம்.

தனியாகச் சிகிச்சை செய்துவரும் பல் மருத்துவர்:

படித்து முடித்துப் பல வருடம் ஆகிறது. வலது கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் வலி வந்து, கொஞ்ச காலம் பட்டை கட்டிக்கொண்டிருந்தேன். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் உயிர் போகும். அதைப் பார்த்த எலும்பு மருத்துவர் வேலையை விடச் சொல்லவில்லை, முறையை மாற்றச் சொன்னார்.

மாற்றியது இதுதான். வேர்கள் அகன்று விரிந்த கீழ்க் கடைவாயை முழுதாக எடுக்க மல்லுக்கட்டுவதில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, தேவை என்று தோன்றினால் தொடக்கத்திலேயே டிரில்லால் இரண்டாகப் பிரித்துவிடுவேன். ஒவ்வொரு வேரும் அதனதன் வழியில் வெளியே வரும். எலும்புக்கும் நல்லது, கைக்கும் நல்லது. பல்லை வெட்டி எடுப்பதைத் தோல்வி என்று நினைக்கிற மாணவர்களை நிறையப் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது. அது முழுக்க முழுக்க முறையான வழி.

கூன் விழுந்த வயதான அம்மா ஒருவர் அடிக்கடி வருவார். சாய்க்க முடியாது, சாய்த்தால் தலை அந்தரத்தில் நிற்கும். மேல் கடைவாய் எடுக்க வேண்டியிருந்தபோது தலைக்கும் கழுத்துக்கும் அடியில் துணியைச் சுருட்டி முட்டுக் கொடுத்து, அவர் வசதியாகச் சாயக்கூடிய அளவுக்கு மட்டும் சாய்த்து, சேரை மொத்தமாக உயர்த்தினேன். அவர் உடம்பை வளைக்காமல் சேரை நம் உயரத்துக்குக் கொண்டுவந்தால் போதும். "இந்தத் தடவை கழுத்து வலிக்கலைப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இறுதியாண்டு மாணவி:

ஒரு சந்தேகம் ஐயா. கீழ்ப்பல் எடுக்கும்போது தாடையைத் தாங்குகிற என் இடது கை சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. வலது கையைவிட அதுதான் வலிக்கிறது. இது எனக்கு மட்டும்தானா?

வாய் அறுவைப் பயிற்றுநர்:

உனக்கு மட்டும் இல்லைம்மா. இடது கை பார்க்கிற வேலையை நாம் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. கன்னத்தை ஒதுக்குவது, எலும்பு விரிவதை விரலால் உணர்வது, தாடை மூட்டுக்கு அழுத்தம் போகாமல் தாங்குவது, மூன்றும் அதன் பொறுப்புதான். எதிர்ப்பக்கப் பற்களுக்கு நடுவில் ரப்பர் கடிகட்டை ஒன்று வைத்துவிடு. நோயாளி அதைக் கடித்துக்கொண்டாலே தாடைக்குப் பாதி ஆதாரம் கிடைத்துவிடும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் உதவியாளரைத் தாடையை அடியிலிருந்து தாங்கச் சொல். கடைவாய் எடுக்கும்போது நான் இன்றும் அப்படித்தான் கேட்கிறேன்.

நடுவில் கையை எடுத்துத் தோளைத் தளர்த்திக்கொள்ளவும் தயங்காதே. பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, "ஒரு நிமிஷம், வாயை மூடிக்கோங்க" என்று சொன்னால் நோயாளிக்கும் ஆசுவாசம். அந்த நேரத்தில் சேரை ஒருமுறை பார். நோயாளி பதற்றத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழுக்கியிருப்பார், தலை ஹெட்ரெஸ்டைவிட்டு இறங்கியிருக்கும். அவரை மேலே ஏறி உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி தொடங்கு.