தாளித்த கடுகு கணக்கில் வருமா?

மைதிலி_மடிப்பாக்கம்:
மகள் ஜிம்முக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டுக் காய்கறிப் பட்டியலில் ப்ரோக்கோலியும் ஏறிவிட்டது. நான் அதைக் கோஸ் பொரியல் மாதிரியேதான் செய்கிறேன். கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, பச்சை மிளகாய் கீறிப் போட்டு, மூடி வைத்து நன்றாக வேகவிட்டு, கடைசியில் தேங்காய்த் துருவல். இப்போது அவள் சொல்கிறாள், ப்ரோக்கோலியை வேகவைத்தால் சல்ஃபோரஃபேன் என்ற சத்து கிடைக்காமல் போய்விடுமாம், கடுகு சேர்த்தால் கிடைக்குமாம். நாம்தான் தாளிக்கும்போதே கடுகு போடுகிறோமே, அது போதாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பச்சையாகச் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், இங்கே ஒருவரும் தொட மாட்டார்கள்.

சோதனைக்குழாய்:
மகள் படித்தது சரிதான். ஆனால் தாளித்த கடுகு கணக்கில் வராது. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ப்ரோக்கோலியில் சல்ஃபோரஃபேன் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. இருப்பது அதன் மூலப்பொருளான குளூக்கோரஃபனின். அதை உடைத்து சல்ஃபோரஃபேன் ஆக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேறு செல்லில் தனியாக இருக்கிறது. நறுக்கும்போதோ மெல்லும்போதோ செல்கள் கிழிந்து இரண்டும் கலந்தால்தான் வேலை நடக்கும். பூச்சி கடித்தால் அதன் வாயிலேயே காரம் உண்டாகட்டும் என்று செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. நொதி ஒரு புரதம், நன்றாக வேகவைத்தால் செயலிழந்துவிடும். மூலப்பொருள் பெரும்பகுதி பிழைத்துக்கொள்ளும் (தண்ணீரில் வேகவைத்து வடித்தால் கொஞ்சம் அதோடு போகும்). ஆக, உங்கள் பொரியலில் உடைபட வேண்டியது இருக்கிறது, உடைப்பதற்கு ஆள் இல்லை. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் ஓரளவு செய்யும், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும்.

கடுகும் இதே குடும்பம்தான், அதிலும் மைரோசினேஸ் உண்டு. பச்சைக் கடுகைத் தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறுகிறதே, அது அந்த நொதியின் வேலை. கொதிக்கும் எண்ணெயில் வெடித்த கடுகில் அந்தக் காரம் வருகிறதா? வராது. நொதி அங்கேயே முடிந்துவிட்டது. வாசனைக்குத் தாளியுங்கள், அது வேறு கணக்கு.

இங்கிலாந்தில் ரீடிங் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 12 பேருக்கு வேகவைத்த ப்ரோக்கோலி 200 கிராம் கொடுத்தார்கள். ஒரு முறை வெறுமனே, இன்னொரு முறை 1 கிராம் பழுப்புக் கடுகுப் பொடி சேர்த்து. பிறகு சிறுநீரைச் சேகரித்துப் பார்த்ததில், கடுகு சேர்த்தபோது உடம்பில் ஏறிய சல்ஃபோரஃபேன் நான்கு மடங்குக்கும் மேல். நம் அஞ்சறைப்பெட்டிக் கடுகு பெரும்பாலும் அதே இனம்தான். அளந்தது உடம்பில் எவ்வளவு ஏறியது என்பதை மட்டும். இதை எடுத்துக்கொண்டு புற்றுநோயே வராது என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

செய்முறை சுலபம். அடுப்பை அணைத்து, பொரியல் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அரை சிட்டிகை பச்சைக் கடுகுப் பொடியைத் தூவிப் பிரட்டுங்கள், அப்புறம் ருசி பார்த்து ஏற்றிக்கொள்ளலாம். கசப்பு பிடிக்காவிட்டால் தயிர்ப் பச்சடியில் கடுகு அரைத்து விட்டு அதே சாப்பாட்டோடு பரிமாறுங்கள்.

மைதிலி_மடிப்பாக்கம்:
நன்றி சார். இன்னும் இரண்டு சந்தேகம். உறையவைத்த பாக்கெட் ப்ரோக்கோலிக்கும் இதேதானா? என் மாமியார் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார், அவருக்குக் கோஸ் வகையே ஆகாது என்கிறார்கள்.

சோதனைக்குழாய்:
பாக்கெட்டில் அடைப்பதற்கு முன் வெந்நீரிலோ ஆவியிலோ காட்டித்தான் உறையவைக்கிறார்கள். அதனால் நீங்கள் சமைக்கும் முன்பே நொதி பெரும்பாலும் போயிருக்கும். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதற்கு முள்ளங்கிப் பொடி சேர்த்துப் பார்த்தார்கள், பலித்தது. பச்சை முள்ளங்கியைத் துருவிப் போட்ட பச்சடி உங்களுக்குக் கைவந்ததாக இருக்குமே.

தைராய்டு பயத்துக்கு வயது ஏறக்குறைய நூறு. 1928இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முயல்களுக்கு வேளாவேளைக்குக் கோஸையே போட்டு வளர்த்தபோது கழுத்துக் கழலை வந்தது. 1992இல் ப்ரோக்கோலியிலிருந்து சல்ஃபோரஃபேனைப் பிரித்துக் காட்டிய பால் தலாலே குழுவும் அதே பல்கலைக்கழகம்தான், பாருங்கள் வேடிக்கையை! சில கோஸ் வகைகளில் அயோடினைத் தைராய்டு எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் பொருளும் இதே நொதியால் உண்டாகிறது, வேகவைத்தால் அது குறையும். அயோடின் உப்பு சாப்பிடுகிறவருக்கு வாரம் இரண்டு நாள் பொரியல் பெரிய விஷயம் இல்லை. ஆனாலும் மாமியாருக்குக் கடுகுப் பொடி தூவாமல் வைத்துவிடுங்கள், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேத்தி_தோட்டக்காரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பூச்சியை விரட்டத்தான் செடி இந்தக் காரத்தை வைத்திருக்கிறது என்றால், வைரமுதுகு அந்துப்பூச்சி மட்டும் ஏன் அதைத் தேடி வருகிறது? நாங்கள் கோஸ் வரிசைகளுக்கு இடையே கடுகு விதைப்பதே அதற்காகத்தான். நாற்று நடும் முன்பே விதைத்துவிட்டால் கோஸை விட்டுவிட்டு அந்துப்பூச்சி கடுகில் போய் முட்டை வைக்கும், அங்கேயே மருந்து அடித்துவிடலாம். மழை பிடித்துக்கொண்டால் இந்தப் பாடு இல்லை, வெயில் காலத்தில்தான் உயிரை வாங்கும்.

சோதனைக்குழாய்:
நல்ல கேள்வி. மற்றப் பூச்சிகளை விரட்டும் அதே வாசனைதான் இதற்கு வழிகாட்டி. 2002இல் ஜெர்மனியின் யேனா நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வகம் காரணத்தைக் கண்டுபிடித்தது. இதன் புழுவின் குடலில் வேறொரு நொதி இருக்கிறது. மைரோசினேஸ் கை வைப்பதற்குள் மூலப்பொருளிலிருந்து சல்ஃபேட்டைக் கழற்றிவிடும். அப்புறம் மைரோசினேஸ் இருந்தும் பயனில்லை, காரம் பிறக்காது. கடுகுச் செடியில் மருந்து அடிப்பதைத் தள்ளிப் போடாதீர்கள், புழு வளர்ந்து அந்துப்பூச்சி ஆகிவிட்டால் அடுத்த தலைமுறை உங்கள் கோஸுக்குத்தான் வரும்.

மைதிலி_மடிப்பாக்கம்:
பச்சடிக்குக் கடுகு ஊறப்போட்டாயிற்று. மாமியாருக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.