பொட்டாசியத்துக்கு மூன்றாவது வளையத்தில் 8 மணியா, 9 மணியா?

தக்கலை அம்மா:
பையன் ஒன்பதாம் வகுப்பு. அணு மாதிரி செய்யச் சொன்னார்கள், இவனுக்கு வந்தது பொட்டாசியம். செர்மாகோல், கம்பி வளையம், எலக்ட்ரானுக்குப் பாசிமணி எல்லாம் வாங்கி 2, 8, 9 என்று கோத்துவிட்டான். 2, 8, 8, 1 தான் சரி என்று டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். "2n² படி (n என்பது வளைய எண்) மூன்றாவதில் 18 இடம் இருக்கே, ஏன் நாலாவதுக்குப் போகணும்?" என்று என்னைக் குடைகிறான். நான் படித்தது காமர்ஸ். திங்கட்கிழமை கொடுக்கணும்.

குளச்சல்காரன்:
கடைசிக் கூட்டில், அதாவது வளையத்தில், 8க்கு மேல் நிற்காது அக்கா. அவ்வளவுதான்.

தக்கலை அம்மா:
அதைத்தான் டீச்சரும் சொன்னாராம். அப்போ 2n² பொய்யா என்கிறான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பொய்யில்லை மக்களே, நல்ல கேள்வி. 18 என்பது கொள்ளளவு. எந்த வரிசையில் நிரம்பும் என்பதை அது சொல்லாது.

மூன்றாவது கூட்டுக்குள் எஸ், பி, டி என்று மூன்று துணைக்கூடுகள்: 2 + 6 + 10. முதல் 8 இடம் நிரம்பியதும் மிச்சம் டியின் 10 இடம். பொட்டாசியத்தில் அந்த இடங்களைவிட நான்காம் கூட்டின் எஸ் இடத்துக்கு ஆற்றல் குறைவு. வடசேரியில் நிற்கிற பஸ்ஸில் கடைசி சீட் மட்டும் காலி, பின்னால் வரும் பஸ்ஸில் முன்சீட் கிடைக்கும் என்றால் நாம் என்ன செய்வோம்? 19வது எலக்ட்ரானும் அதையே செய்கிறது. கால்சியத்தின் 20வதும் அப்படித்தான். 21வது ஸ்காண்டியத்தில்தான் டி திறக்கும்: 2, 8, 9, 2. பையன் போட்ட 9 அங்கே வரும்!

வெளியே ஒற்றை எலக்ட்ரான் இருப்பதால்தான் சோடியம் (2, 8, 1) மாதிரி பொட்டாசியமும் அதைச் சட்டென்று விட்டுக்கொடுக்கிறது. தண்ணீரில் போட்டால் ஊதா நிறத்தில் எரியும். வீட்டில் சோதிக்க வேண்டாம்.

அது சரி, நடுவில் எத்தனை நியூட்ரான் ஒட்டினான்?

தக்கலை அம்மா:
39 சார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அதுவும் போச்சு. 39 நிறை எண், புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த கணக்கு. 19 புரோட்டான் போக 20 நியூட்ரான். மட்டிப்பழத்தில் இருக்கும் பொட்டாசியத்தில்கூட பத்தாயிரத்தில் ஏறத்தாழ ஓர் அணுவுக்கு 21 இருக்கும், அது கதிரியக்கம் உள்ளது. பயப்படாமல் சாப்பிடலாம்.

தக்கலை அம்மா:
19 மணியைப் பிய்த்தாச்சு. பசையோடு செர்மாகோலும் கொஞ்சம் வந்துவிட்டது. இப்போது ஸ்காண்டியமே செய்கிறேன் என்று அடம்பிடிக்கிறான்.