மொட்டை மாடித் தோட்டத்துக்கு அலங்கார விளக்குகள்: சோலாரா, வயர் இழுப்பதா?

முல்லைப்பந்தல் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சென்னை திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. மொட்டை மாடி ஏறத்தாழ 600 சதுர அடி. கிழக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு முல்லைப் பந்தலும், நாற்பது தொட்டிகளில் செம்பருத்தி, சாமந்தி, துளசி, கீரை வகைகளும் வைத்திருக்கிறேன். வெயில் தாழ்ந்ததும் மாமனாரும் மாமியாரும் அங்கே வந்து அமர்ந்து, இரவு உணவு நேரம் வரை பேசிக்கொண்டிருப்பார்கள். இப்போது இருப்பது மாடிப்படி அறையின் வெளிச்சுவரில் மாட்டிய ஒரே ஒரு டியூப் லைட். அதைப் போட்டால் கண் கூசுகிறது. அணைத்தால் தொட்டி எங்கே, தரை எங்கே என்று தெரியாமல் பெரியவர்கள் தடுமாறுகிறார்கள்.

சென்ற தீபாவளிக்குச் சீரியல் விளக்கு வாங்கிப் பந்தலில் சுற்றினோம். ஐப்பசி மழையில் நனைந்திருந்த பந்தல் கம்பியைத் தொட்ட என் மகனுக்கு ஷாக் அடித்தது. கையை உடனே இழுத்துக்கொண்டதால் ஒன்றும் ஆகவில்லை என்றாலும், அன்று கழற்றிய விளக்கை மறுபடியும் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. சோலார் விளக்குகள் போதுமா, அல்லது முறையாக வயர் இழுத்துச் செய்வதா? எத்தனை வாட், என்ன நிறம்? பத்தாயிரம் ரூபாய் வரை செலவு செய்ய முடியும்.

முப்பதாண்டு மின்பணி எழுதுகிறார்:

அம்மா, விளக்கு எது என்பதை அடுத்ததாகப் பார்ப்போம். முதலில் உங்கள் வீட்டு மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் உடனே விழ வேண்டும், அதாவது தானாக அணைய வேண்டும். விழாவிட்டால், அல்லது அப்படி ஒன்றே இல்லாவிட்டால், உங்கள் பணத்தின் முதல் பகுதி அதற்குத்தான் போக வேண்டும். போர்டில் வழக்கமாக இருக்கும் எம்.சி.பி. சுவிட்ச் அதிகச் சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் விழுமே தவிர, ஈரக் கம்பியின் வழியாக ஒரு பிள்ளையின் உடம்பில் பாயும் சிறு கசிவை அது கண்டுகொள்ளாது. திருவிழாக் காலத்தில் விற்கும் சீரியல் செட்டுகளில் பல நேராக 230 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றின் மெல்லிய உறை வெயிலில் வெடித்து, மழையில் கசியும். அவற்றை வீட்டுக்குள் போட்டுக்கொள்ளலாம், திறந்த மாடியில் வேண்டவே வேண்டாம்.

என் பரிந்துரை 12 வோல்ட் அமைப்பு. 230 வோல்ட்டை 12 ஆக்கும் தரமான அடாப்டரை மாடிப்படி அறைக்குள், மழை படாத உயரத்தில் பொருத்திவிட்டால், வெளியே போகும் வயரில் ஆளைத் தாக்கும் அழுத்தமே இருக்காது. பன்னிரண்டு விளக்கு, ஒவ்வொன்றும் 2 வாட் என்றால் மொத்தம் 24 வாட். அடாப்டரை 36 வாட்டாக வாங்குங்கள், சூடேறாமல் நெடுநாள் உழைக்கும். இதில் பலரும் கோட்டைவிடுவது வயரின் தடிமனில்தான். 12 வோல்ட்டில் 24 வாட்டுக்கு 2 ஆம்பியர் ஓடும். ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிர வயரில் 20 மீட்டர் தள்ளி அத்தனை விளக்கையும் வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். கடைசி விளக்குகள் மங்கி எரியும். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் போட்டு, அடாப்டரிலிருந்து இரண்டு பக்கமாகப் பிரித்து இழுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

விளக்கின் மேல் ஐ.பி. 65 என்று அச்சிட்டிருக்க வேண்டும். உள்ளே எதுவும் புகாமல் விளக்கு எவ்வளவு காக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது: முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 44 சாரலைத் தாங்கும். தோட்டத்துக்கு ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிக்கிறவர்களுக்கு அது போதாது. ஆனால் விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்ணீர் புகுவது இணைப்பில்தான். இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பைத் தரையில் கிடத்தாதீர்கள். ஒவ்வொரு இணைப்பும் மூடிய பெட்டிக்குள், தரையிலிருந்து ஓரடியாவது மேலே இருக்கட்டும். வயர் பெட்டிக்குள் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு தொய்வு விட்டால், வயர் வழியே வழிந்து வரும் மழைநீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தளத்தின் தட்டோட்டில் துளை போட்டு விளக்கு நட எவராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கார்த்திகை முடிவதற்குள் கீழ் அறையின் கூரை ஒழுகும். கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில், முழங்கால் உயரத்தில் பொருத்தினால் போதும். உங்கள் ஊரின் உப்புக் காற்றுக்கு இரும்புத் திருகு ஓராண்டுகூட நிற்காது. எவர்சில்வர் அல்லது பித்தளைத் திருகு கேட்டு வாங்குங்கள்.

வைகைக்கரை எழுதுகிறார்:

சோலார் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் குத்திவைக்கும் வகை விளக்குகள் எட்டு வாங்கினேன். முதல் கோடை முழுவதும் அழகாக எரிந்தன. அடுத்த ஆண்டு ஆறு விளக்குகள் இரவு எட்டு மணிக்கே அணைந்துவிட்டன. ஒன்றைத் திருகிப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே ரிமோட்டில் போடும் அளவிலான 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி ஒன்று, முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. முனையைச் சுரண்டித் துடைத்து, புதிய பேட்டரி போட்டதும் ஐந்து விளக்குகள் மீண்டும் எரிந்தன. ஆகவே பேட்டரியை மாற்ற முடியாதபடி ஒட்டி மூடிய விளக்கை வாங்காதீர்கள். பந்தல் நிழலில் அவை சார்ஜ் ஏறா; அடைமழை நாட்களில் இருட்டிய சிறிது நேரத்திலேயே அணைந்துவிடும். அழகுக்கு இரண்டொன்று வைத்துக்கொள்ளலாம், பெரியவர்கள் நடக்கும் வழிக்கு அவற்றை நம்ப முடியாது.

நெய்தல்நிலம் எழுதுகிறார்:

நீங்கள் திருவான்மியூர் என்று சொன்னதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கடற்கரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடும் கரை. தையிலிருந்து பங்குனி வரை அவை கரையேறுகின்றன. ஏறத்தாழ ஐம்பது நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. அடிவானத்தில் எது வெளிச்சமாகத் தெரிகிறதோ அதுதான் கடல் என்று அந்தக் குஞ்சு நகரும். ஊர்ப்பக்கம் பளிச்சென்று இருந்தால் கடலுக்கு முதுகைக் காட்டிச் சாலையை நோக்கி வந்துவிடும். 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே பருவம் முழுவதும் இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பிடத்தில் வைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறார்கள். நானும் சில இரவுகள் உடன் நடந்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு குஞ்சு, தெருவிளக்கை நோக்கி மணலில் துடுப்பைப் போட்டுப் போட்டு ஏறியதைப் பார்த்தவர்கள், மாடியில் கடலை நோக்கி ஃபிளட் லைட் மாட்ட மாட்டார்கள்.

ஆகவே, நிறம் 2700 கெல்வின் வாம் ஒயிட் (மஞ்சள் சாயல் ஒளி; கெல்வின் எண் கூடக் கூட ஒளி நீலம் கலந்த வெள்ளையாகும்) ஆக இருக்கட்டும். 6500 கெல்வின் வெள்ளை வேண்டாம். வாம் ஒயிட்டில் பூச்சிகளும் குறைவாகவே மொய்க்கும். மேற்புறம் மூடி, ஒளி தரையில் மட்டும் விழும் விளக்குகளாகப் பாருங்கள். கைப்பிடிச் சுவருக்கு மேலே எதுவும் எரிய வேண்டாம். படுக்கப் போகும்போது அணைந்துவிடும்படி ஒரு டைமரும் போடுங்கள். உங்கள் சாமந்திக்கும் அது நல்லது. நீண்ட இருட்டு கிடைத்தால்தான் அது மொட்டு வைக்கும். விளக்கடியில் வைத்த தொட்டி இலையாகவே தழைத்துக்கொண்டிருக்கும்.

முல்லைப்பந்தல் எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை மெயின் போர்டைத் திறந்து பார்த்தேன், ஆர்.சி.சி.பி. இல்லை. நாளை மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து பொருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகே 12 வோல்ட் வேலை. சாமந்தித் தொட்டிகளை மேற்குச் சுவரின் இருட்டுப் பக்கம் நகர்த்திவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: 12 வோல்ட் என்றால் முல்லைக் கொடியோடு சேர்த்தே சிறு விளக்குச் சரத்தைச் சுற்றலாமா?

முப்பதாண்டு மின்பணி எழுதுகிறார்:

கொடியில் சுற்றாதீர்கள், அம்மா. கவாத்துச் செய்யும்போது கத்தரி வயரையும் சேர்த்து வெட்டிவிடும். கொடி பருக்கும்போது வயரை இறுக்கிக்கொள்ளும். பந்தலின் உட்புறக் கம்பியில், கொடிக்குக் கீழே, அடிக்கு ஒன்றாகக் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். சரம் தனி பிளக்கில் இருக்கட்டும், கவாத்து நாளில் கழற்றி எடுத்து வைக்க வசதி. ஆர்.சி.சி.பி. பொருத்தியதும் எலக்ட்ரீஷியன் கிளம்புமுன், டெஸ்ட் பொத்தானை உங்கள் கையாலேயே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எர்த் வயர் மாடிவரை வந்திருக்கிறதா என்பதையும் அவரையே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.